சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் குழந்தை சீட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், கார் பக்கத்தில் யாராவது வந்து நின்று, "இந்த வண்டியிலே எப்படிங்க ரெண்டு குழந்தையை ஏத்துறீங்க?" என்று கேட்பார்கள். எங்களுடையது டொயோட்டா ஜிடி86. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் வசதியாக உட்காரலாம், பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கைகள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டு. இருவரும் பிறந்த நாளிலிருந்து இந்தக் காரில்தான் வருகிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும், போர்ஷே 911 வைத்திருக்கும் இன்னொருவருக்கும் சீட் மாட்டக் கூட நின்றிருக்கிறேன். கேட்டவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் பிரிட்டன் சட்டத்தைத்தான் சொல்கிறேன்.

எந்த சீட் நல்லது? ஒரு பெயர் சொல்லுங்களேன்.

பெயர் சொல்ல மாட்டேன். எந்தக் குழந்தை, எந்தக் கார் என்று தெரியாமல் சீட்டின் பெயரைச் சொல்வது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. முதலில் குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளந்துகொள்ளுங்கள், எடையும் பார்த்துவிடுங்கள். அடுத்து உங்கள் காரின் ஹேண்ட்புக்கில் குழந்தை சீட் பற்றிய பகுதியைப் படியுங்கள். சீட்டைத் தேடுவது அதற்குப் பிறகுதான். அப்படித் தேடிய சீட்டையும் உங்கள் காருக்குள் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தக் கடைசி வரியை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மகளுக்கு நான்கு வயதானபோது தள்ளுபடி விலையில் ஒரு உயர முதுகு பூஸ்டர் (கார் பெல்ட் சரியான இடத்தில் விழும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) வாங்கினேன். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து பின் இருக்கையில் வைத்தால், சீட்டின் தலைப்பகுதி சரிந்து வரும் பின்கண்ணாடியில் போய் முட்டியது. தலைப்பகுதியைக் கீழே இறக்கினால் கண்ணாடியில் முட்டவில்லை. ஆனால் பெல்ட் அவள் தோளில் படாமல் கழுத்தை உரசியது. அட்டைப் பெட்டியை அதற்குள் கிழித்துப் போட்டிருந்ததால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. சீட் கெட்ட சீட் இல்லை. சாதாரணக் காரில் அருமையாக உட்கார்ந்திருக்கும், எங்கள் காருக்குத்தான் ஆகவில்லை.

பின் இருக்கையே இல்லாத காரில் குழந்தையை முன்னால் வைக்கலாமா? போலீஸ் பிடிக்க மாட்டார்களா?

வைக்கலாம். பிரிட்டனில் சரியான சீட்டில், சரியாகக் கட்டியிருந்தால் குழந்தை முன் இருக்கையில் வரத் தடை இல்லை. 12 வயது ஆகும் வரை, அல்லது உயரம் 135 செ.மீ. ஆகும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தைக்கு உரிய சீட் கட்டாயம். மீறினால் 500 பவுண்ட் வரை அபராதம்.

ஆனால் காரில் பின் இருக்கை இருந்தால் குழந்தைக்கு அதுதான் இடம். முன்னால் மோதும்போது மோதலிலிருந்து தள்ளி இருப்பதே பெரிய பாதுகாப்பு. எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர், கேமேன் போன்ற இரண்டு பேர் காரில் அந்த வசதி கிடையாது. அதனால் அங்கே அடுத்த கேள்விக்கான பதில் உயிர் போகிற விஷயம்.

ஏர்பேக்கை அணைக்க வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

இரண்டு நிலைமைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

குழந்தை பின்நோக்கி, அதாவது காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட் என்றால், முன் ஏர்பேக் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது. பின்நோக்கிய சீட்டின் முதுகு டாஷ்போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும், குழந்தையின் தலை அந்த முதுகை ஒட்டி இருக்கும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்திற்குள் வெடித்து விரிகிற பொருள். அந்த அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் போகும். மெதுவாக ஓட்டினாலும், சின்ன இடியாக இருந்தாலும், ஏர்பேக் விரிந்துவிட்டால் குழந்தை பிழைப்பது கடினம். முன் பயணி பக்க சன்வைசரில் குழந்தை சீட் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட மஞ்சள் எச்சரிக்கை இருக்கிறதே, அது இதைத்தான் சொல்கிறது.

குழந்தை முன்நோக்கி உட்காரும் சீட் என்றால் கார் இருக்கையை அதன் தடத்தில் முழுதாகப் பின்னால் தள்ளிவிடுங்கள். ஏர்பேக் இருக்கட்டுமா, அணைக்கட்டுமா என்பதை உங்கள் காரின் ஹேண்ட்புக்தான் சொல்ல வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இருக்கட்டும் என்கிறார்கள், சிலர் அணை என்கிறார்கள். இந்த இடத்தில் நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று எதையும் நம்பாதீர்கள்.

அணைக்கும் சுவிட்ச் பெரும்பாலும் டாஷ்போர்டின் பயணி பக்க ஓரத்தில், கதவைத் திறந்தால் தெரிகிற இடத்தில், அல்லது குளவ் பாக்ஸுக்குள் இருக்கும். சாவியை நுழைத்துத் திருப்ப வேண்டும். திருப்பியதோடு விட்டுவிடாமல், இக்னிஷனைப் போட்டு "பயணி ஏர்பேக் ஆஃப்" விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். சில நொடி எரிந்து அணைந்துவிட்டால் ஏர்பேக் இன்னும் வேலை செய்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதேபோல, குழந்தை இல்லாமல் பெரியவர் ஒருவர் அந்த இருக்கையில் ஏறும்போது ஏர்பேக்கைத் திரும்ப இயக்கிவிட மறக்கக் கூடாது. எம்எக்ஸ்-5 நண்பரின் வீட்டில் காரின் சாவி வளையத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள். நூல் இருந்தால் ஏர்பேக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். கணவன், மனைவி இருவருக்கும் அது பழகிவிட்டது.

என் பழைய காரில் அப்படி ஒரு சுவிட்சே இல்லையே?

அப்படியானால் அந்த இருக்கையில் பின்நோக்கிய சீட் கிடையாது. இதில் வேறு வழி தேட வேண்டாம். ஃபியூஸைக் கழற்றுவது, இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பைப் பிடுங்குவது என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஃபியூஸ் எதை அணைக்கிறது, மோதும்போது பெல்ட்டை இறுக்கும் இழுப்பானையும் சேர்த்து அணைத்துவிடுகிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. தயாரிப்பாளரின் டீலரிடம் அந்த மாடலுக்கு முறையான சுவிட்ச் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் குழந்தை முன்நோக்கி உட்காரும் வயது வரும் வரை வீட்டின் இன்னொரு காரில்தான் வர வேண்டும்.

ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐசோஃபிக்ஸ் என்பது குழந்தை சீட்டை பெல்ட் இல்லாமல் நேராகக் காரோடு பூட்டும் அமைப்பு. கார் இருக்கையின் அடிப்பகுதியும் முதுகும் சேரும் பிளவுக்குள் கையை விடுங்கள். 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு கனமான கம்பி வளையங்கள் விரலில் தட்டுப்பட்டால் அதுதான். 6 மி.மீ. தடிமன் உள்ள கம்பி, காரின் உடலோடு இணைத்திருப்பார்கள். பெரும்பாலும் மேலே ஒரு சின்ன அடையாளத் துணியோ பொத்தானோ இருக்கும்.

ஜிடி86-இல் பின் இருக்கைகள் இரண்டிலும் இருக்கிறது. இரண்டு பேர் கார்களில் முன் பயணி இருக்கையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சில போர்ஷே கார்களில் முதல் உரிமையாளர் ஆர்டர் கொடுக்கும்போது கேட்டு வாங்கியிருந்தால்தான் முன்னால் ஐசோஃபிக்ஸ் வளையமும் ஏர்பேக் சாவியும் இருக்கும். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் பக்கத்து வீட்டுக் காரில் இருப்பது உங்கள் காரில் இல்லாமல் இருக்கலாம். பழைய கார் வாங்கப் போகும்போது விளம்பரத்தைப் படிப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பது மேல்.

ஹேண்ட்புக்கில் ஒரு அட்டவணை இருக்கிறது. எழுத்துகளாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

அந்த அட்டவணையைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள். காரில் எந்த இடத்தில் எந்த வகை சீட் போகும் என்று தயாரிப்பாளரே சொல்கிற இடம் அது ஒன்றுதான். 'எக்ஸ்' என்று இருந்தால் அந்த இடம் ஆகாது. 'யூ' என்றால் பெல்ட்டால் கட்டும் பொதுவான சீட் ஆகும். 'யூஎஃப்' என்றால் அதிலும் முன்நோக்கியது மட்டும். 'ஐயூஎஃப்' என்றால் ஐசோஃபிக்ஸில் மாட்டும் முன்நோக்கிய பொதுச் சீட். 'ஐஎல்' என்றால் குறிப்பிட்ட சில சீட்கள் மட்டும்.

இதோடு சீட்டின் பருமனுக்கும் ஒரு ஆங்கில எழுத்து உண்டு. பின்நோக்கியவற்றில் 'இ' சின்னக் கைக்குழந்தை சீட், 'டி' கொஞ்சம் பெரியது, 'சி' முழு அளவு. புதிய கார்களில் இவற்றையே ஆர்1, ஆர்2, ஆர்3 என்று எழுதுகிறார்கள். சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் ஆர்3 போவது அபூர்வம். கடையில் நீங்கள் பார்க்கும் பெரிய, சுழலும், நான்கு வயது வரை வரும் சீட்கள் பலவும் இந்தப் பெரிய அளவில் வருபவை. அவற்றை ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

ஐ-சைஸ் என்று போட்டிருந்தால் எல்லாக் காரிலும் போகும் என்கிறார்களே?

ஐ-சைஸ் என்பது குழந்தை சீட்டும் கார் இருக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று காட்டும் பொது அளவு அடையாளம். ஐ-சைஸ் அடையாளம் போட்ட சீட், ஐ-சைஸ் அடையாளம் போட்ட கார் இருக்கையில் போகும். பல சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களில் ஐசோஃபிக்ஸ் வளையம் இருக்கும், ஐ-சைஸ் அடையாளம் இருக்காது. அப்போது சீட் தயாரிப்பாளரின் கார் பட்டியலில் உங்கள் மாடலும் வருடமும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பட்டியலில் இல்லை என்றால், மாட்டும்போது பச்சை விளக்கு எரிந்தாலும் அது அனுமதி இல்லாத பொருத்தம்தான்.

சீட்டின் பின்னால் உள்ள ஆரஞ்சு நிற லேபிளைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும், ஆர் 129 அல்லது ஆர் 44 என்ற பாதுகாப்பு விதி எண்ணும் இருக்க வேண்டும். ஆர் 129 உயரத்தை வைத்து அளப்பது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் கட்டாயம். ஆர் 44 எடையை வைத்து அளக்கும் பழைய முறை. கதவு குழந்தையின் தோளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் காரில் நான் ஆர் 129 தான் எடுப்பேன்.

சப்போர்ட் லெக் உள்ளதா, டாப் டெதர் உள்ளதா, எது நமக்கு?

ஐசோஃபிக்ஸ் வளையங்கள் கீழே இரண்டு இடத்தில் மட்டும் பிடிக்கும். மோதலில் சீட் முன்னால் கவிழாமல் இருக்க மூன்றாவது பிடிமானம் வேண்டும். அது தரையில் ஊன்றும் காலாகவும் (சப்போர்ட் லெக்) இருக்கலாம், முதுகின் மேலிருந்து பின்னால் கட்டும் பட்டையாகவும் (டாப் டெதர்) இருக்கலாம்.

கால் உள்ள சீட்டை ஸ்போர்ட்ஸ் காரில் வைக்கும்போது இரண்டு இடத்தில் தகராறு வரும். பின்னால் கால் வைக்கும் இடம் மிகக் குறுகல். நடுவில் உள்ள மேடு சரிந்து வந்து காலின் அடியைச் சாய்த்துவிடும். முன் பயணி இருக்கையின் அடிப்பாகம் இன்னொரு பக்கம் தட்டும். ஊன்றுகோல் செங்குத்தாக, முழுப் பாதமும் தரையில் பட்டு நிற்க வேண்டும். பாதி பாதம் மேட்டில், பாதி அந்தரத்தில் என்றால் அந்த சீட் வேண்டாம். தரை விரிப்புக்குக் கீழே பெட்டி போன்ற வெற்றிடம் இருந்தாலும் கூடாது.

டாப் டெதர் கூப்பே கார்களுக்கு (கூரை பின்னால் சரியும் இரண்டு கதவுக் கார்கள்) பெரும்பாலும் சுலபமாக அமையும். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் சின்ன மூடியைத் தூக்கினால் கொக்கி மாட்டும் இடம் இருக்கும். டிக்கிக்குள் சாமான் கட்டும் வளையத்தை அதுதான் என்று நினைத்து மாட்டிவிடாதீர்கள். நங்கூரப் படம் போட்டிருப்பதில்தான் மாட்ட வேண்டும். ஆனால் டெதரோடு வருவதில் பெரும்பாலானவை முன்நோக்கியவை. கைக்குழந்தைக்கு அது ஆகாது.

ஐசோஃபிக்ஸ் இல்லை. பெல்ட்டால் கட்டினால் போதுமா?

போதும், சரியாகக் கட்டினால். பெல்ட்டால் கட்டும் நல்ல சீட், அரைகுறையாக மாட்டிய ஐசோஃபிக்ஸ் சீட்டைவிடப் பாதுகாப்பு. ஸ்போர்ட்ஸ் காரில் இதற்கு மூன்று இடைஞ்சல்கள் வரும், மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, இருக்கையின் பக்க மேடுகள். வளைவில் நம்மைப் பிடித்துக்கொள்ள உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அகலமான சீட் அந்த மேடுகளின் மேல் தொங்கிக்கொண்டு நிற்கும், அடியில் உள்ளங்கை போகிற இடைவெளி இருக்கும். அப்படி நின்றால் பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஒடுக்கமான அடிப்பாகம் உள்ள சீட்டாகத் தேடுங்கள்.

இரண்டாவது, பெல்ட்டின் நீளம். பின்நோக்கிய கைக்குழந்தை சீட்டைச் சுற்றிக் கொண்டுவர நிறைய பெல்ட் தேவை. சில கார்களில் முழுதாக இழுத்தும் ஒரு விரல்கடை குறையும். குறைந்தால் குறைந்ததுதான். நீட்டிக்கும் துண்டு போட்டுக் கட்டக் கூடாது.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பக்கிளின் தண்டு உயரமாக இருந்தால், பெல்ட்டை இறுக்கியதும் பக்கிள் போய் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் உட்கார்ந்துவிடும். மோதலில் அந்த விளிம்பே நெம்புகோல் மாதிரி பக்கிளை உடைத்துவிடலாம். விளிம்பில் பட வேண்டியது பட்டைதான், பக்கிள் அல்ல. 911 நண்பருக்கு இதனாலேயே இரண்டு சீட்கள் தள்ளிப்போய், மூன்றாவதில்தான் பக்கிள் விளிம்புக்குக் கீழே நின்றது.

கட்டி முடித்ததும் பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.-க்கு மேல் நகரக் கூடாது.

பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து இந்தக் காரில் கொண்டுவரலாமா?

நாங்கள் இருவரையும் அப்படித்தான் கொண்டுவந்தோம். முன் பயணி இருக்கையை நன்றாக முன்னால் நகர்த்தி, அதன் பின்னால் சின்னக் கைக்குழந்தை சீட்டை மாட்டினோம். அந்தப் பக்கம் முன்னால் யாரும் உட்கார முடியாது. மனைவி ஓட்டுநருக்குப் பின்னால், கால்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு, குழந்தையின் முகம் தெரிகிற மாதிரி வந்தார். உண்மையில் கைக்குழந்தை சீட் மாட்டியதும் அது நான்கு பேர் கார் இல்லை, இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் போகிற கார்.

குழந்தை சீட்டை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓட்டுநர் ஸ்டியரிங்கை முட்டிக்கொண்டு ஓட்டுவது கூடவே கூடாது. ஸ்டியரிங் நடுவுக்கும் மார்புக்கும் 25 செ.மீ.யாவது வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கார்களின் பின் இருக்கை பின்புறம் பள்ளமாகச் சாய்ந்திருக்கும். அதனால் சீட்டின் கோணம் மாறிவிடும். பிறந்த குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் பட்டால் மூச்சு தடைப்படலாம். சீட்டின் பக்கத்தில் உள்ள கோண அளவைப் பார்த்து, அது சரியாக வராவிட்டால் வேறு சீட் பாருங்கள். எந்தக் காரிலும் கைக்குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. பிறந்த முதல் வாரங்களில் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

எப்போது முன்நோக்கித் திருப்பலாம்? கால் மடங்கிப் பாவமாக இருக்கிறதே.

ஆர் 129 சீட்டில் 15 மாதம் முடியும் வரை பின்நோக்கித்தான். அதற்குப் பிறகும் சீட்டின் உயர வரம்பு அனுமதிக்கும் வரை நான் திருப்ப மாட்டேன். சின்னக் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது, பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். கழுத்தெலும்பு முழுதாக இறுகியிருக்காது. முன்நோக்கி உட்கார்ந்தால் மோதலில் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலையைக் கழுத்து மட்டும் பிடிக்க வேண்டும். பின்நோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சீட்டின் முதுகு தாங்கிக்கொள்ளும். கால் மடங்குவது நமக்குத்தான் பாவமாகத் தெரிகிறது. சப்பணம் போட்டு உட்காருகிற வயதில் அது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. என் மகன் இரண்டு வயதிலும் பின்நோக்கித்தான் வருகிறான், கால்களைப் பின் இருக்கை முதுகில் ஏற்றிவைத்துக்கொண்டு பாடிக்கொண்டு வருவான்.

பூஸ்டர் வைக்கும் வயது வந்துவிட்டது. முதுகு இல்லாத பூஸ்டர் வைத்தால் தலை இடிக்காதே?

சரிவான கூரையைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். ஆர் 129 விதிப்படி முதுகு இல்லாத பூஸ்டர் 125 செ.மீ. உயரத்துக்கு மேல்தான். அதற்கு முன்னால் முதுகு உள்ளதுதான். அது தோளில் பெல்ட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும், பக்கவாட்டில் தலையையும் காக்கும்.

எங்கள் மகளுக்கு இரண்டாவது முறை தேடியபோது, டேப்பை எடுத்துப் பின் இருக்கையின் மெத்தையிலிருந்து கண்ணாடி வரை அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். கடைகளில் பூஸ்டரின் தலைப்பகுதியை அவள் உயரத்துக்கு ஏற்றி அளந்து பார்த்தேன். பிறகு காருக்குள் வைத்து, அவளையும் உட்கார வைத்து, இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினோம். கார் இருக்கையின் ஹெட்ரெஸ்ட் கழற்ற முடியாததாக இருந்தால் அது பூஸ்டரின் முதுகை முன்னால் தள்ளும், இதையும் பாருங்கள். டிக்கிக் கதவோடு கண்ணாடியும் சேர்ந்து திறக்கும் கார் என்றால், மூடும்போது குழந்தையின் தலையைப் பார்த்து மெதுவாக இறக்குங்கள்.

135 செ.மீ. சட்டத்தின் எல்லை. ஆழமான ஸ்போர்ட்ஸ் இருக்கையில் அந்த உயரப் பிள்ளை சறுக்கிக் கீழே போகும், இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும். முதுகு ஒட்டி உட்கார்ந்து, முழங்கால் இருக்கை விளிம்பில் மடங்கி, பட்டை இடுப்பெலும்பிலும் தோள்பட்டை நடுவிலும் விழும் வரை பூஸ்டரை எடுக்காதீர்கள்.

ரேசிங் சீட்டும் நான்கு முனை ஹார்னஸும் போட்டிருக்கிறேன். அதில் குழந்தையைக் கட்டலாமா?

கட்டக் கூடாது. குழந்தை சீட்கள் காரின் வழக்கமான பெல்ட்டுக்கோ ஐசோஃபிக்ஸுக்கோ சோதித்து அனுமதி பெற்றவை. பக்கெட் இருக்கையில் அவை உட்காரவும் செய்யாது. பின்னால் ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் குழாய்க் கூடு) இருந்தால் அங்கேயும் குழந்தை வேண்டாம். அந்தக் குழாய்கள் ஹெல்மெட் போட்ட தலைக்காக வைத்தவை.

பாட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். பக்கத்துக் கோயிலுக்குத்தானே?

அன்பால் சொல்கிறார், அதனால் கோபப்படாமல் கணக்கைச் சொல்லுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 140 கிலோ எடை போல முன்னால் இழுக்கும். எந்தப் பாட்டியின் கையும் அதைப் பிடிக்காது. என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பட்டையை நானே போட்டுவிடுகிறேன்" என்றார். இப்போது எங்களைவிட அவர்தான் கண்டிப்பு.

குளிர்காலத்தில் தடித்த கோட்டோடு கட்டலாமா?

கழற்றிவிட்டுக் கட்டுங்கள், மேலே போர்வை போடுங்கள். பஞ்சுக் கோட்டுக்குள் பட்டை இறுகிய மாதிரி தெரியும், மோதலில் பஞ்சு அமுங்கித் தொளதொளத்துவிடும். தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

கூரையைத் திறந்துகொண்டு போகலாமா?

போகலாம், ஊருக்குள் மெதுவாக, தொப்பி போட்டு. நெடுஞ்சாலையில் காற்றின் இரைச்சல் குழந்தையின் காதுக்கு அதிகம், அழுதாலும் நமக்குக் கேட்காது. வெயிலில் திறந்து நிறுத்தியிருந்தால் பக்கிளின் உலோகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பழைய சீட் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அண்ணனோ அக்காவோ தருகிறார்கள், மோதலே நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரியும், கையேடும் இருக்கிறது என்றால் வாங்கலாம். முன்பின் தெரியாதவரிடம் வேண்டாம். மோதலில் உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது.

பிரான்ஸ், ஜெர்மனிக்கு ஓட்டிப் போகும்போது?

பிரான்ஸில் 10 வயதுக்குட்பட்ட குழந்தை பின்னால்தான் உட்கார வேண்டும். காரில் பின் இருக்கையே இல்லை என்றால் விலக்கு உண்டு, எம்எக்ஸ்-5 காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. வரை குழந்தை சீட் வேண்டும். பிரிட்டனின் 135 செ.மீ. கணக்கு அங்கே செல்லாது.

இரண்டாவது குழந்தை வரப்போகிறது. காரை விற்றுத்தான் ஆக வேண்டுமா?

இரண்டு பேர் கார் என்றால், குடும்பத்தின் ஒரே காராக அதை வைத்திருக்க முடியாது. இதைத் தள்ளிப்போட்டுக் கொண்டிருக்காமல் குழந்தை பிறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். எம்எக்ஸ்-5 நண்பர் வீட்டில் இன்னொரு சாதாரணக் கார் வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிள்ளை மட்டும் அப்பாவோடு சின்னக் காரில் போகும், அடுத்த வாரம் மற்றப் பிள்ளை.

பின்னால் இரண்டு இருக்கை உள்ள கார் என்றால் முடியும், ஆனால் முதுகுவலிக்குத் தயாராக இருங்கள். நீளமான கதவைத் திறக்க இடம் வேண்டும் என்பதால் நான் எப்போதும் கடைசி வரிசையில், ஓரமாகத்தான் நிறுத்துவேன். முன் இருக்கையை மடக்கி, ஒரு முழங்காலைக் கதவோரப் படியில் ஊன்றி, முதலில் தூரத்து சீட்டில் மகளை ஏறச் சொல்வேன். அவள் தன் பெல்ட்டை மாட்டியதும் 'டக்' சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் மகனை உள்ளே நீட்டி உட்கார வைத்துப் பட்டையை இழுப்பேன். மழை பெய்தால் இதற்குள் என் முதுகு முழுக்க நனைந்திருக்கும். எல்லாம் முடிய நான்கு நிமிடம் ஆகும், அவசரப்பட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதனால் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறோம்.